பலகை பாயும் பன்னிரண்டு பாட்டிலும்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், காய் நறுக்கும் பலகையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து "இதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லும் மனிதர் ஒருவர்தான் கிடைப்பார். எங்களுக்கு அவர் பலகை பாய். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும்.

நான் அப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் தூளை எடை போட்டுவிட்டு, பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றபடியே பெரம்பலூர் மகளிர் விடுதிக்குத் திரும்பும்போது எனக்கு வேண்டியவை மூன்று: குளியல், சோறு, யாரும் பேசாத அரை மணி நேரம். குளிக்கத் தண்ணீர் வராது. மற்ற இரண்டும் பலகை பாயின் கையில் இருந்தன. அவர்தான் விடுதியின் சமையல்காரர்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலின் சமையற்கட்டில் பல வருஷம் இருந்தவர். ஆனால் அங்கே அவர் சமைக்கவில்லை. மரப்பலகைகளையும் மரக்கரண்டிகளையும் தேய்த்து, காயவைத்து, எண்ணெய் பூசுவது மட்டுமே வேலை. சமையலை எங்கே கற்றார் என்பது யாருக்கும் தெரியாது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வி எங்களுக்கு வரும்.

விடுதியில் பதினொரு பலகைகள். வெங்காயத்துக்கு ஒன்று, கறிக்கு ஒன்று, பழத்துக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் தனி வாழ்க்கை. உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பார். நிழலில் இரண்டு நாள் நிறுத்திவைப்பார். உப்புத்தாளால் இழைப்பார். எண்ணெய் பூசி, ஊறவிட்டு, பழைய பனியன் துணியால் துடைப்பார். அதுவரை அந்தப் பலகையில் கத்தி படக் கூடாது. எல்லாப் பலகைகளும் ஒரே நேரத்தில் எண்ணெயில் இருக்கும் நாட்களில் எங்களுக்குக் கத்தி தேவைப்படாத சாப்பாடு: முழு உருளைக்கிழங்கு, முழுக் கத்திரிக்காய், முழுச் சின்ன வெங்காயம் மிதக்கும் குழம்பு, முழு முட்டை. அப்பளத்தை மட்டும் நாங்களே உடைத்துக்கொள்ளலாம்.

"பாய், இந்தக் கத்திரிக்காய ரெண்டா வெட்டியிருக்கலாம்ல?"

"ஒனக்குப் பல்லு இருக்குல்லம்மா? அதுக்கு இன்னும் எண்ணெ எறங்கல."

அவர் மகள் ஷமீமா என் அறைத்தோழி. நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். பாய்க்கு வேலை தந்தபோது மகளுக்கு அறையும் சேர்த்துத் தருவதாக ஓனரம்மா ஒப்புக்கொண்டிருந்தார். ஒருநாள் தலை வாரிக்கொண்டே ஷமீமா சொன்னாள்: "அக்கா, எங்க அத்தா என் தலைக்கு எண்ணெ வச்சதே இல்ல. அந்தக் கட்டைங்களப் பாருங்க, மினுமினுன்னு மாப்பிள்ள வூட்டுக்குப் போறாப்ல இருக்குதுங்க."

இந்த நேரத்தில்தான் ஓனரம்மாவுக்குச் சுத்தம் பிடித்தது. பச்சை, சிவப்பு, வெள்ளை என்று ஆறு பிளாஸ்டிக் பலகைகளோடு வந்து இறங்கினார். "மரத்துல கிருமி ஒக்காந்துக்கும் பாய். இனிமே கட்டை எதையாச்சும் கிச்சன்ல பாத்தேன், நீங்க வேற எடம் பாத்துக்கங்க. ரூமையும் சேத்துத்தான் சொல்றேன்."

பாய் தலையாட்டினார். அன்று மாலையே பதினொரு பலகைகளும் சிலிண்டருக்குப் பின்னால் ஓர் அரிசிச் சாக்குக்குள் குடியேறின. நறுக்குவது மரப்பலகையில்தான். ஓனரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டால், மேலே ஒரு பிளாஸ்டிக் பலகையைப் போட்டு அதன்மேல் ஒரு முருங்கைக்காயை வைத்துக்கொண்டு நிற்பார். மூன்று வாரம் கழித்து ஓனரம்மா அந்தப் பலகைகளைத் தூக்கிப் பார்த்துப் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, ஒரு கீறல்கூட விழல. இதுதான் தரம்."

எண்ணெயில்தான் சிக்கல். தேங்காய் எண்ணெய் பூசினால் நாளடைவில் சிக்கு வாடை வரும். அவர் ஹோட்டலில் பூசியது நிறமும் மணமும் இல்லாத வெள்ளை எண்ணெய். "நீ கெமிஸ்ட்ரிதானம்மா, அது இங்க என்ன பேர்ல கிடைக்கும்?" என்று கேட்டார். லிக்விட் பாரஃபின் என்றேன். மருந்துக்கடையில் கிடைக்கும். மலச்சிக்கலுக்குக் குடிக்கத் தருவார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய களைப்பில் நானே போய் ஆறு பாட்டில் கேட்டேன். மருந்துக்கடை அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஆறா? யாருக்கும்மா?"

ஆய்வகத்தில் தப்பில்லாமல் பதில் எழுதுகிற நான் அன்று யோசிக்காமல் சொன்னேன்: "ஹாஸ்டலுக்குண்ணே."

பதினைந்து நாள் கழித்து இன்னும் ஆறு வாங்கினேன். அதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு பிள்ளைக்கும் வெளிக்குப் போகவில்லையாம். முழுக் கத்திரிக்காயைப் போட்டால் எப்படிப் போகும்?

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர்கள் திரண்டு வந்துவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எங்களை நிறுத்தி வைத்துக்கொண்டு ஓனரம்மாவை வளைத்துக்கொண்டார்கள். கீழப்பழுவூரிலிருந்து வந்த ஒரு தகப்பனார் மேசையைத் தட்டினார். "பன்னெண்டு பாட்டிலுங்க! மாட்டாஸ்பத்திரில கூட இவ்ளோ செலவாகாது. சமைக்கிற ஆள மொதல்ல மாத்துங்க."

ஓனரம்மா பாயைப் பார்த்தார். "என்ன பாய் இது? எதுக்கு அந்த மருந்து?"

பாயின் கண் சமையற்கட்டுப் பக்கம் போனது. நான் மனதுக்குள் பட்டியல் போட்டேன். ஒன்று, வதந்தி உண்மை என்றால் சாப்பாடு மோசம், வேலை போகும். இரண்டு, எண்ணெய் பலகைக்கு என்றால் சாக்கு வெளியே வரும், வேலை போகும். இரண்டிலும் அறையும் போகும். ஷமீமா என் பக்கத்தில் நின்று துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எனக்குத்தான் மேடம்," என்றேன்.

நாற்பது பெண்களும் திரும்பினார்கள்.

"பன்னெண்டுமா?" என்றார் ஒரு தாயார்.

"நாள்பட்டதுங்க. கடையில சொல்ல வெக்கமா இருந்துச்சு, அதான் ஹாஸ்டலுக்குன்னு சொல்லிட்டேன்."

கீழப்பழுவூர்க்காரர் மேசையிலிருந்து கையை எடுத்தார். "அடப் பாவமே. ஒக்காந்தே பாக்குற வேலையாம்மா?" என்றார். அதன்பின் பாயின் சமையலை யாரும் பேசவில்லை. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். விளக்கெண்ணெய், உலர்ந்த திராட்சை, விடியற்காலையில் வெந்நீர். ஒருவர் என்னைக் கூடத்தைச் சுற்றி நடந்து காட்டச் சொன்னார். நடந்தேன். கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. ஓனரம்மா அன்றிலிருந்து தினம் ஒரு பப்பாளிப் பழம் என் பெயர் எழுதிக் கிச்சனுக்கு அனுப்பினார்.

மறுநாள் காலை தட்டோடு போய் நின்றேன். நன்றி என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தது என் தவறு.

"ஏம்மா, பொய்யின்னு ஆயிப்போச்சு. மூட்டுவலின்னு சொல்லியிருக்கப்படாதா? கௌரவமா இருந்திருக்கும்ல?"

"அது மூட்டுவலிக்குக் குடிக்கிற மருந்து இல்ல பாய்."

"படிச்ச புள்ள, ஒரு வியாதிய சரியாத் தேர்ந்தெடுக்கத் தெரியல," என்று சலித்துக்கொண்டே ஒரு கிண்ணத்தை நகர்த்தினார்.

பப்பாளி. தோல் சீவி, விதை நீக்கி, ஒரே அளவில் சின்னச் சின்னத் துண்டுகள். அளந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு துண்டுகூட மற்றதைவிடப் பெரிதாக இல்லை. முழு முட்டை போடுகிற மனிதர் அந்த விடுதியில் யாருக்கும் அப்படி நறுக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. நான் அங்கே இருந்த மிச்சம் ஏழு மாதமும் அந்தக் கிண்ணம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பப்பாளி பிடிக்காது. சொல்லவில்லை.

இப்போது அரியலூரிலேயே தனியாக வீடு எடுத்துவிட்டேன். ஷமீமாவுக்கு இது கடைசி வருஷம். மாதம் ஒரு தடவை பெரம்பலூர் போகிறேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்த மருந்துக்கடை. அண்ணன் என்னைப் பார்த்தாலே முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்கிறார்.

"இன்னும் சரியாகலையாம்மா?"

"இல்லண்ணே," என்கிறேன். "ரெண்டு பாட்டில் குடுங்க."