கரீபியன் காக்கா

கரீபியன் கடலில் கப்பல் கடைசியாக நிற்கும் தீவில் இறங்கி, மணலில் ஜோடியாக நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி சந்திரிகா கேட்டிருந்தாள். கேட்டவள் மயிலாப்பூரில், ஒரு அபார்ட்மென்ட்டின் இரண்டாவது மாடியில் இருந்தாள். அனுப்பவேண்டிய, அதே அபார்ட்மென்ட்டைச் சேர்ந்த ஸ்ரீனிவாசராகவன் திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜ் கட்டிலில், ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"தினம் சமுத்திரத்தையே அனுப்பறேளே மாமா, உங்க ரெண்டு பேரையும் ஒரு தடவை பாக்கப்படாதா?" என்றது அவள் வாட்ஸப்பில் பேசி அனுப்பிய குரல். அதற்குக் கீழே அபார்ட்மென்ட் மொத்தமும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தது.

"போச்சு" என்றார்.

"எப்பவோ போச்சு" என்றாள் அவர் மனைவி ஜானு. துவைத்த புடவையை ஜன்னல் கம்பியில் எப்படிக் காயப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள் அவள்.

மனிதர் செய்த காரியம் இதுதான். அமெரிக்காவிலிருக்கும் மகள் ஸ்ரீரஞ்சனி, அப்பா அம்மாவையும் சேர்த்துக் கப்பலில் இடம் பிடித்து, விமான டிக்கெட்டும் அனுப்பியிருந்தாள். டிக்கெட்டில் புதன்கிழமை, ராத்திரி ஒன்றரை மணி என்று இருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் நள்ளிரவு தாண்டினால் புதன். ஸ்ரீனிவாசராகவனுக்குப் பஞ்சாங்கப்படி சூரியன் உதித்தால்தான் புதன். ஆகவே புதன்கிழமை ராத்திரி ஒன்றரை என்பது புதன் முடிந்து, வியாழன் விடிவதற்கு முன்னால் வருவது. இதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

புதன் ராத்திரி அபார்ட்மென்ட்டே வாசலில் நின்று பொன்னாடை போர்த்தி வழியனுப்பியது. விமான நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சார், இந்த ஃபிளைட் நேத்து ராத்திரியே போயிடுச்சு."

அவர் அந்தப் பெண்ணுக்குச் சூரியோதயத்திலிருந்து விளக்க ஆரம்பித்தார். அவள் அடுத்து நின்றவரைக் கூப்பிட்டுவிட்டாள். வேறு எந்த விமானத்தில் ஏறினாலும் கப்பலைப் பிடிக்க முடியாது என்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் நாள் பார்த்துச் சொல்வது அவர்தான். அவரைக் கேட்காமல் அங்கே யாரும் ஒரு ஆணி அடித்ததில்லை. ராகு காலம் முடியட்டும் என்று ஒரு வீட்டு சோபா மழையில் தெருவிலேயே நின்றிருக்கிறது. சந்திரிகாவின் புதுச் சமையலறைக்குத் தை மாதத்திலிருந்து நல்ல நாள் கிடைக்கவில்லை.

"நாள் பார்த்துச் சொல்றவனுக்கே நாள் தப்பிடுத்துன்னு தெரிஞ்சா, அப்பறம் எவன்டி என்னை மதிப்பான்? நான் அந்த வாசப்படி ஏறமுடியுமா?" என்று, அபார்ட்மென்ட்டுக்கு வழக்கமாக வரும் அதே டாக்ஸியில் ஜானுவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் அவள் லாட்ஜுக்குச் சம்மதித்தாள். கப்பலிலிருந்து மகள் அனுப்பும் கடல் படங்களை, அவர் தினமும் தான் எடுத்ததுபோல அபார்ட்மென்ட்டுக்கு அனுப்பினார். நாளை மறுநாள் கௌரவமாக வீடு திரும்பிவிடலாம் என்று இருந்த நேரத்தில்தான் இந்த போட்டோ.

"பெசன்ட் நகர் பீச்சுக்குப் போலாம். உச்சி வெயில்ல தெரிஞ்சவா யாரும் வரமாட்டா" என்றார்.

கப்பலுக்கென்று வாங்கிய பூப்போட்ட சட்டையையும் தொப்பியையும் அவர் மாட்டிக்கொண்டார். ஜானு பெட்டியின் அடியிலிருந்து சுடிதாரை எடுத்தாள். வாழ்க்கையில் முதல் சுடிதார். கப்பல் மேல்தளத்தில் காற்றில் துப்பட்டா பறக்க நிற்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு பைகிராப்ட்ஸ் ரோடில் ஆட்டோ பிடிக்க நின்றபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடற்கரையில் படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த வேலு என்ற மீனவனிடம் போனைக் கொடுத்தார்.

"இன்னா சார், ஷூட்டிங்கா?"

"அந்த மாதிரிதான். சமுத்திரம் நன்னா தெரியணும்ப்பா."

முதல் படத்தில் பின்னால் படகு. படகில் கொட்டை எழுத்தில் தமிழ். கொஞ்சம் நகர்ந்தார்கள். அடுத்ததில் ஒரு மாடு.

"அதைக் கொஞ்சம் ஓட்டேன்ப்பா."

"அது போவாது சார். சுண்டல் கடை தொறக்கற வரிக்கும் இங்கதான் நின்னுகினு இருக்கும். நீ அப்டிக்கா போ."

அப்படிக்காகப் போனதில் வேளாங்கண்ணி மாதா கோவில் கோபுரம் வந்தது. கடைசியில் முட்டி நனையத் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். ஒரு அலை வந்து ஜானுவின் ஒரு செருப்பைக் கொண்டுபோயிற்று. வேலு அந்த நேரம் பார்த்து அழுத்தினான்.

"அம்மா மூஞ்சி மட்டும் ஒரு மாதிரி கீது சார்."

"பரவாயில்லை, கப்பல்ல வந்தா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

உடனே அனுப்பவில்லை. இங்கே மத்தியானம் என்றால் அங்கே நடுராத்திரி. கிழமையைக் கோட்டை விட்டவர் மணியில் படு கறாராக இருந்தார். சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு, அங்கே நன்றாக விடிந்துவிட்டது என்று நிச்சயம் செய்துகொண்டு அனுப்பினார். 'கடைசித் துறைமுகம். கரையில் இறங்கிவிட்டோம். ரம்மியமான காலை.'

சந்திரிகாவிடமிருந்து பதில் வந்தது.

"பிரமாதம் மாமா. சமுத்திரம் நம்ம பெசன்ட் நகர் மாதிரியே இருக்கு. ஆமாம், மாமி தலைக்கு மேல பறக்கறது காக்காதானே?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மெட்ராஸ் காக்கா.

'இது கரீபியன் காக்கா. கழுத்து சற்று நீளம்' என்று எழுதினார்.

அடுத்த நிமிஷம் கப்பலிலிருந்து ஸ்ரீரஞ்சனி கூப்பிட்டாள்.

"அப்பா, குரூப்ல என்ன போட்டோ போட்டே? இங்க ஏகப்பட்ட காத்து. கப்பல் அந்தத் தீவுல நிக்கவே இல்லை. யாரும் இறங்கலை. நான் அப்பவே ஸ்டேட்டஸ் வச்சுட்டேன். சந்திரிகா மாமி பாத்தாச்சு."

"அதை எடுத்துடு" என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

"பாத்தாச்சுங்கறேன், எடுத்து என்ன பிரயோஜனம்?"

அவர் யோசித்தார். யோசிக்காமல் இருந்திருக்கலாம். 'நேரம் நன்றாக இருந்ததால் கேப்டனிடம் சொல்லி, நாங்கள் இருவர் மட்டும் சின்னப் படகில் கரைக்கு வந்தோம்' என்று எழுதி அனுப்பினார்.

"ஐயோ, அப்போ கப்பல் உங்களை விட்டுட்டுன்னா போயிருக்கும்" என்றது சந்திரிகாவின் குரல். பதறியதாகவும் தெரியவில்லை. "அடுத்த கப்பல் அடுத்த வாரம்தானே வரும்? பரவாயில்லை மாமா, அவசரப்படாம அங்கேயே இருங்கோ. இங்க நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம்."

கட்டைவிரல்கள் மளமளவென்று வந்து விழுந்தன.

அவர் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். "ஜானு, இன்னும் ஒரு வாரம் இங்கேதான்."

ஜானு ஒற்றைச் செருப்பைக் குப்பைக் கூடையில் போட்டாள். பெட்டியை இழுத்துத் திறந்து புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"கப்பலுக்குத்தான் போகலை. ஆத்துக்காவது போறேன்."

"மானம் போயிடும்டி."

"போகட்டும். சுடிதாரைப் போட்டுண்டு, சமுத்திரத்துல நின்னு, மாட்டுக்கு ஒதுங்கி, காக்காவுக்குப் பொய் சொல்லி, இதுக்கு மேல என்ன மானம் வச்சிருக்கேள்? எல்லாரையும் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லுங்கோ. திட்டினா கேட்டுக்கலாம்."

அவர் பூப்போட்ட சட்டையைக் கழற்றி மடித்தார். எல்லாம் முடிந்துவிட்டது. ஆனாலும் மனதின் ஒரு மூலையில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது.

"நீ சொல்றதும் சரிதான். நான் இல்லாம பாவம், எல்லாரும் தவிச்சிண்டிருப்பா. எப்படியோ சமாளிக்கறோம்னாளே, கேட்டியா, எனக்கு மனசே ஆறலை. சிரிச்சாலும் பரவாயில்லை, என்னைப் பார்த்தா அவாளுக்கு ஒரு தெம்பு வரும்."

பெட்டிகளோடு கீழே இறங்கினார்கள். லாட்ஜ் மேனேஜர் ஷஃபியுல்லா டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்ரீனிவாசராகவன் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"ரூமைக் காலி பண்றோம் பாய். ஆத்துல எல்லாரும் எங்களைத் தேடுவா."

ஷஃபியுல்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சாவியை அவர் பக்கமே மெதுவாகத் தள்ளினார்.

"இன்னா சார் சொல்றீங்க, நீங்க வந்த மறுநாளே டாக்ஸிக்காரர் சொல்லி உங்க அபார்ட்மென்ட்காரங்க அத்தினி பேரும் வந்து, மாசக் கடைசி வரிக்கும் உங்க ரூமுக்கு வாடகை கட்டிட்டு, 'எப்படியாவது அவரை இங்கியே வச்சுக்கங்க பாய்'னு என் கையப் புடிச்சுக் கேட்டுக்கினு போயிருக்காங்க."