மறந்தவருக்கு மாடிவீடு

தலைமையகத்தில் லிஃப்ட் தடையின்றி ஓடுவது நிர்வாகத்தின் சாதனை என்று ஆண்டறிக்கை சொல்லிற்று. உண்மையில் அது மெக்கானிக் பட்டாசின் சாதனை. கதவில் காதை வைத்தாரானால் உள்ளே எதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவார். சொன்ன கையோடு பக்கத்தில் நிற்பவரைத் திட்டியும் விடுவார். பட்டாசு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

பட்டாசுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. மாமியார், மச்சான், பிள்ளைகள், அவர், மனைவி எல்லாரும் ஒரே அறையில். பெரியவள் பரீட்சைக்குப் படிப்பது அடுப்புக்குப் பக்கத்தில். நிர்வாகக் குடியிருப்பிலோ 'தலைமை' நிலை ஊழியருக்கு மட்டுந்தான் வீடு. நேரே இயக்குநர் அறைக்குள் நுழைந்தார்.

"எனக்கு அப்புறம் வந்தவனெல்லாம் தலைமை ஆயிட்டான். எனக்கு எப்ப சார்?"

"உங்களை மாதிரி ஆள் கிடைக்குமாய்யா? நீங்க மேல போயிட்டா லிஃப்டை யாரு பார்க்கிறது?"

"அப்ப வேலை தெரிஞ்சதுதான் என் குத்தமா?"

"குத்தம்னு சொல்லலை. தடைன்னு சொல்றேன்."

"அந்த எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் எப்படிக் குடுத்தீங்க?"

"அவரு கட்டடத்தையே இருட்டாக்கிட்டாரு. இனி ஒயரைத் தொடவிட்டா ஆபத்து. அதான் மேல அனுப்பிட்டோம். அங்க தொடுறதுக்கு ஒண்ணும் இல்லை பாருங்க."

கொதித்துக்கொண்டு வெளியே வந்த பட்டாசு, படி இறங்குவதற்குள் ஆறிவிட்டார். பேரம் என்று வந்துவிட்டால் அவருடைய கோபம் ஒதுங்கி நின்று வழிவிடும். கையில் சரக்கு இருப்பதால்தானே விலை படியவில்லை? சரக்கே இல்லை என்று சொன்னால்?

மறுநாள் லிஃப்ட் நின்றது. ஆள் அனுப்பினார்கள்.

"மறந்துபோச்சுங்க" என்றார் பட்டாசு.

உடனே 'தொழில்நுட்ப மறதி ஆய்வுக் குழு' கூடியது. குழுத் தலைவர் ஒரு ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "இது என்ன?" என்றார்.

பட்டாசு நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "ஏதோ கரண்டி மாதிரி இருக்குங்க."

"எங்களுக்கும் அப்படித்தான்யா படுது" என்று குழு ஏகமனதாக மகிழ்ந்தது. 'மேற்படியார் எவ்வேலையும் அறியாராகையால், எல்லா வேலைகளையும் மேற்பார்வையிட முழுத் தகுதி உடையவராகிறார்' என்று ஆணை பிறந்தது. சம்பளம் இரட்டிப்பானது. வீடும் கிடைத்தது, ஆறாவது மாடியில்.

மூட்டை முடிச்சோடு போய் இறங்கினால், அங்கே லிஃப்ட் ஓடவில்லை. படிக்கட்டில் விளக்கு இல்லை. குழாயில் காற்றுதான் வந்தது. முதல் மாடியில் அந்த எலக்ட்ரீஷியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏம்ப்பா, நீ அன்னைக்கு வேணும்னேதான் இருட்டாக்கினியா?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. பக்கத்து வீட்டுக்காரர் பிளம்பர். அவரும் மறந்தவர்தான்."

திரும்பக் கீழே இறங்கி வந்தால், மாமியாருக்கு முழங்கால் மடங்கவில்லை. மனைவி தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏங்க, அந்த லிஃப்ட் கதவுல ஒரு நிமிஷம் காதை வைங்களேன்."

"சும்மா இருடி. எவனாவது பார்த்தா வீடு போயிடும்."

"இப்ப மட்டும் வீட்டுக்குள்ளயா இருக்கோம்? படிக்கட்டுலதானே நிக்கிறோம்."

அவளே அம்மாவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, தம்பியை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லித் தூக்க ஆரம்பித்தாள். அந்நேரம் பார்த்து, மேல்மாடியில் குடியிருக்கும் இயக்குநர் மூச்சு வாங்க ஏறி வந்தார். நாற்காலி வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க யாருக்காவது லிஃப்ட் வேலை தெரியுமாப்பா?"

படிக்கட்டு நெடுக, கதவுக்குக் கதவு, தலைமைகள் எட்டிப் பார்த்தன. எல்லாத் தலைகளும் இல்லையென்று ஆடின. பட்டாசின் தலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே ஆடியது.

அதை மனைவி பார்த்தாள். மாமியாரும் பார்த்தாள். இயக்குநரும் பார்த்தார். தமக்குப் பிறகு இயக்குநர் பதவி யாருக்கு என்பதை அந்தப் படியிலேயே முடிவு செய்துவிட்டு, அவர் அடுத்த படியில் காலை வைத்தார்.