வழிமொழிய ஆளில்லாத கான்

நான் நன்றாகப் பேசுவேன் என்பதில் எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகமும் வந்ததில்லை. எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒரு வெள்ளிக்கிழமை கோளாறு நடந்துவிட்டது. அதைக் கண்ணால் கண்ட சாட்சிகள் எங்கள் ஊரான பாலையூற்றில் இன்னும் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் வாயால் வெளியே வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு விவாதப் போட்டி பழக்கும் ரீச்சர். (என்னிடம் பழகிய பிள்ளைகள் மாகாண மட்டம் வரை போனார்கள். இதை எங்கே சொல்லக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன்.) உள்ளூர்ச் சபைகளில் பெண்கள் இருக்கவேண்டும் என்று சட்டம் வந்ததும் கட்சிக்காரர்கள் வீடு வீடாகப் பெண் தேடி வந்தார்கள். கலியாணத்துக்குக்கூட என்னைத் தேடி அவ்வளவு பேர் வரவில்லை. பட்டியலில் பெயரைப் போட்டார்கள், நானும் உறுப்பினர் ஆனேன். எந்தச் சபை என்று கேட்காதீர்கள். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கும் சபைகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கையோடு எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். பெரிய றோட்டில் இருந்து பிரியும் எங்கள் ஒழுங்கை பள்ளத்தில் கிடக்கிறது. மாரி தொடங்கினால் றோட்டில் விழும் தண்ணீர் முழுவதும் எங்களிடம்தான் வரும். அதிலும் கடைசி வீடு ராசமணி அக்காவுடையது. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். தண்ணீர் குசினிக்குள் ஏறினால் அடுப்பு நனையும். அடுப்பு நனைந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் பிழைப்பு இல்லை. ஒழுங்கை ஓரமாகத் தண்ணீர் வடிந்தோட ஒரு கான் வெட்டி, சீமெந்து பூசி, பெரிய வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்தால் கதை முடிந்தது. வருகிற வருசத்துப் பட்ஜெட்டில் அந்தக் கான் இருக்கும் என்று ராசமணி அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் என்னை நம்பினார்.

சபையில் பட்ஜெட் நிறைவேறும் விதம் இதுதான். சபைத் தலைவரான தவிசாளர் வரைபை முன்வைப்பார். தலைப்புத் தலைப்பாக வாசிப்பார்கள். அதில் எதையாவது சேர்க்கவேண்டும் என்றால் ஓர் உறுப்பினர் எழுந்து திருத்தத்தை முன்மொழியவேண்டும், இன்னொருவர் அதை வழிமொழியவேண்டும். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால், முதலாவது ஆள் எவ்வளவு பெரிய பேச்சாளராக இருந்தாலும், திருத்தம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். கடைசியில் ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டு, ஆதரவா எதிர்ப்பா என்று கேட்பார்கள்.

என் கட்சிக்காரர்கள் தங்கள் வட்டாரங்களுக்கு வேண்டிய றோட்டையும் லைற்றையும் தவிசாளரிடம் ஏற்கெனவே பேசி வாங்கிவிட்டார்கள். என் கானுக்காக அவரை முறைத்துக்கொள்ள ஒருவரும் தயாரில்லை. கடைசியில் எனக்குக் கிடைத்தவர் வேறு கட்சிக்காரரான நிஸாம் நானா. மீன் மொத்த வியாபாரி, மூன்றாவது தடவையாக உறுப்பினர், சொந்தக்காரரில் பாதிப்பேர் கிண்ணியாவில். கேட்டவுடனேயே சம்மதித்தார்.

"நீங்க முன்மொழிங்க தங்கச்சி, நான் வழிமொழியிறன். கான் தண்ணி கட்சி பார்த்தா ஓடுது?" என்றார்.

இதற்கு முந்திய மாதக் கூட்டத்தில் இன்னொரு காரியம் செய்திருந்தேன். பட்ஜெட் விவாதத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று தவிசாளர் ஒரு யோசனை கொண்டுவந்தார். நான் துள்ளி எழும்பினேன். மக்களின் குரலுக்கு மணிக்கூடு கட்டுவதா என்று கேட்டேன். உறுப்பினர் எல்லோருக்கும் பேச விருப்பம் என்பதால் யோசனை பெரும்பான்மை வாக்கால் தோற்றது. தவிசாளர் கோபிக்கவில்லை, என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பிறகு பட்ஜெட் கூட்டத்தை ஒரு வெள்ளிக்கிழமைக்கு வைத்தார். அந்தச் சிரிப்புக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்கும் உள்ள தொடர்பு எனக்குப் பிடிபட ஒரு வருசம் எடுத்தது.

எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஒழுங்கு உண்டு. பதினொன்றே முக்காலுக்குப் பேசுகிறவர் பேச்சை முடித்துவிடுவார். ஜும்மாத் தொழுகைக்குப் போகிறவர்கள் போவார்கள், மற்றவர்கள் சாப்பிடப் போவார்கள், இரண்டு மணிக்குத் திரும்பக் கூடுவார்கள். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதிவைக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை. நானே பள்ளிவாசல் பாங்கும் மாதா கோவில் மணியும் கேட்கும் தூரத்தில் பிறந்து வளர்ந்தவள். இரண்டையும் வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு வெள்ளிக்கிழமை மறந்துபோகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், எனக்கு என் பெயரே மறந்துபோகும்.

அன்று காலை ராசமணி அக்காவும் ஒழுங்கைப் பெண்கள் நால்வரும் ஒரே ஓட்டோவில் நெருங்கி உட்கார்ந்து வந்து இறங்கினார்கள். கோவிலுக்குப் போகிற சாரி கட்டியிருந்தார்கள். இடியப்ப வேலைக்கு அரைநாள் லீவு விட்டு வந்ததாக ராசமணி அக்கா சொன்னார். பார்வையாளர் வரிசையில் ஐந்து கதிரைகளில் அவர்கள் அமர்ந்ததைக் கண்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. (என் அவர் அன்ரனும் துறைமுக வேலைக்குப் போகாமல் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். இவர் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதி இப்போது உலகத்தில் இருக்காது.)

என் முறை வந்தபோது மணி பதினொன்று இருபது. கையில் பதினாறு பக்கம்.

திருத்தத்தைச் சொல்ல ஒரு வசனம் போதும். ஆனால் என் விவாதப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று இருந்தது. முதலில் பின்னணி, பிறகு ஆதாரம், பிறகு உணர்ச்சி, கடைசியில் கோரிக்கை. ஆகவே மொஹெஞ்சதாரோவில் தொடங்கினேன். ஐயாயிரம் வருசத்துக்கு முன்னரே அந்த நகரத்தின் தெருக்களில் மூடிய கான் இருந்ததை விளக்கினேன். அங்கிருந்து றோமாபுரிக்குப் போனேன். தவிசாளர் கன்னத்தில் கை வைத்து மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

றோமாபுரியில் நிற்கும்போது நிஸாம் நானா தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். நான் நெகிழ்ந்துபோனேன். காலத்தையே நிறுத்திவிட்டாய் தங்கச்சி என்கிறார் என்று நினைத்து, தலையசைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். சற்று நேரத்தில் எழும்பி நின்று கையைக் காட்டினார். எழும்பி நின்று பாராட்டுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் கொடுத்துவிட்ட ஒரு மடித்த கடதாசித் துண்டைப் பியோன் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். பாராட்டுக் கடிதத்தைப் பேச்சு நடுவில் வாசிப்பது அழகில்லை அல்லவா? வீட்டில் ஆறுதலாக வாசிப்போம் என்று ஃபைலுக்குள் சொருகிவிட்டேன்.

பாங்கு சொன்னது எனக்கும் கேட்டது. அந்த நேரம் நான் உணர்ச்சிப் பகுதியில் இருந்தேன். ராசமணி அக்காவின் நனைந்த அடுப்பைப் பற்றிச் சொல்லும்போது பின்னணியில் அந்த ஓசை மிகவும் பொருத்தமாக இருந்தது என்றுகூட நினைத்தேன். கடைசிப் பக்கத்தில், இந்தக் கான் இல்லாத பட்ஜெட்டுக்கு என் ஆதரவு ஒருநாளும் கிடைக்காது என்று மேசையில் தட்டி, கானைச் சேர்க்கும்படி திருத்தத்தை முன்மொழிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்ணாடியைத் திரும்பப் போட்டபோதுதான் சபையைப் பார்த்தேன். நிஸாம் நானாவின் கதிரை வெறுமையாக இருந்தது. அந்த வரிசையே வெறுமையாக இருந்தது. என் கட்சிக்காரர் இருவர் சாப்பிடப் போய்விட்டார்கள், மூன்றாமவர் மேசையில் தலை வைத்து நித்திரை. மிச்சம் இருந்த எல்லோரும் தவிசாளரின் ஆட்கள்.

"நேர எல்லை வேண்டாம் எண்டு இந்தச் சபைதானே தீர்மானிச்சது. அதால நான் குறுக்கிடேல்லை" என்றார் தவிசாளர், தேன் ஒழுகும் குரலில். "உறுப்பினரின்ர திருத்தத்தை ஆர் வழிமொழியிறீங்கள்?"

ஒருவரும் அசையவில்லை. தவிசாளர் இரண்டாம் முறையும் கேட்டார். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்க முடியாமல் இருந்த நிமிடம் அது ஒன்றுதான்.

அப்போது பார்வையாளர் வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"நான் வழிமொழியிறன் ஐயா" என்றார் ராசமணி அக்கா. அவருக்குப் பக்கத்தில் இருந்த நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் கையைத் தூக்கினார்கள்.

சபை சிரித்தது. நித்திரையில் இருந்தவர்கூட எழும்பிச் சிரித்தார். பார்வையாளர்கள் வழிமொழிய ஏலாது அம்மா என்று செயலாளர் பணிவாகச் சொன்னார். ராசமணி அக்கா கையை இறக்காமலே, "ஏன் ஏலாது? தண்ணி எங்கட வீட்டுக்கத்தானே வருது" என்று கேட்டார். செயலாளர் கூட்டக் குறிப்பைத் தன் பக்கம் இழுத்தார். வழிமொழிவார் இன்மையால் திருத்தம் கைவிடப்பட்டது என்று எழுதினார். நாற்பத்தேழு நிமிடம் பேசிய நான் செய்ய முடியாததை ஒரு வசனத்தில் செய்யப் பார்த்தவர் அவர். அவருக்குச் சட்டத்தில் இடமில்லை. இடம் இருந்த நான் அதை மொஹெஞ்சதாரோவில் விட்டுவிட்டேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இரண்டு மணிக்குப் பெயர் கூப்பிட்டு வாக்கெடுப்பு. ஆதரவு, ஆதரவு, ஆதரவு என்று வந்தது. நிஸாம் நானாவும் ஆதரவு, என் கட்சியும் ஆதரவு. மேசையில் தட்டிச் சபதம் போட்டவள் நான் அல்லவா? கம்பீரமாக "எதிர்ப்பு" என்றேன். ஒரேயொரு எதிர்ப்பு வாக்கோடு பட்ஜெட் நிறைவேறியது.

வெளியே வந்ததும் ராசமணி அக்கா மெல்லக் கேட்டார்.

"ரீச்சர், எங்கட ஒழுங்கைக்கு ரெண்டு லைற் அந்தப் பட்ஜெட்டில இருக்கெண்டு போன கிழமை சொன்னனீங்கள். அதுக்கும் சேர்த்தே எதிர்ப்பெண்டனீங்கள்?"

"ஓம் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து நிஸாம் நானாவின் துண்டைப் பிரித்தேன். 'தங்கச்சி, இப்ப முடிச்சா வழிமொழிஞ்சிட்டுப் போயிடுவன். இன்னும் பத்து நிமிசம் இருக்கு' என்று இருந்தது. அன்ரன் அதை என் கையிலிருந்து வாங்கி வாசித்துவிட்டு, கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார். மாகாண மட்டக் கேடயத்துக்குப் பக்கத்தில்.

மாரி வந்தது. அது யாருக்கும் நேர எல்லை வைப்பதில்லை. மூன்றாம் நாள் காலையில் ராசமணி அக்காவின் குசினிக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். நான் சாரியைச் சொருகிக்கொண்டு, தண்ணீர் அள்ள ஒரு பிளாஸ்டிக் பேசினோடு போனேன். அவர் ஒரு பக்கம் அள்ள, நான் ஒரு பக்கம் அள்ளினேன். இடியப்பத் தட்டுகள் எல்லாம் அலுமாரிக்கு மேலே ஏறியிருந்தன. எனக்குத் தாங்கவில்லை. அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அன்றைக்கு நான் என்ன நினைத்தேன் என்றால் என்று தொடங்கினேன்.

"ரீச்சர், இப்ப கதைக்க நேரமில்லை. அள்ளுங்கோ" என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அந்த மாரி முழுக்க, மழை பெய்த ஒவ்வொரு காலையும் போய் அள்ளினேன். வாயைத் திறக்காமல் அள்ளினேன். (அன்ரன் இதை நம்பவில்லை. ஒருநாள் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.)

அடுத்த வருசப் பட்ஜெட்டையும் தவிசாளர் வெள்ளிக்கிழமைதான் வைத்தார். பழைய சிரிப்பும் அப்படியே இருந்தது. பார்வையாளர் வரிசையில் அதே ஐவர். என் பெயரைக் கூப்பிட்டதும் எழும்பினேன். "பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கான் சேர்க்கும்படி முன்மொழிகிறேன்" என்றேன். 'முன்மொழிகிறேன்' முடிவதற்குள் நிஸாம் நானா "வழிமொழிகிறேன்" என்றுவிட்டார். அவர் என்னை நம்பி ஆபத்தில் விழத் தயாரில்லை. தவிசாளர் எதிர்க்கத் தயாராக வாயைத் திறந்து, இவ்வளவு சீக்கிரம் தன் முறை வரும் என்று எதிர்பாராமல், மூடிக்கொண்டார். ஒருவரும் எதிர்க்கவில்லை. திருத்தம் சேர்ந்தது. கானும் வந்தது. இப்போது மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஓடும் சத்தத்தை எங்கள் படுக்கையறையில் இருந்தே கேட்கலாம். எனக்கு அது நல்ல சங்கீதம்.

ஆனால் கான் வந்ததை ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. வீட்டில் நான் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வைப்பது என்று ஒரு கருத்துச் சொன்னால், அன்ரன் மேசையைச் சுற்றிப் பார்த்து, "இதை வழிமொழிய ஆளிருக்கோ?" என்று கேட்கிறார். பிள்ளைகள் இரண்டும் அந்த நேரம் பார்த்துக் கதிரையை விட்டு எழும்பிப் போகிறார்கள். விருந்தாளி யாராவது வந்தால் அலுமாரியில் இருக்கும் துண்டு வெளியே வரும், கேடயம் உள்ளேயே இருக்கும்.

போன மாதம் ராசமணி அக்காவின் மூத்த மகளுக்குக் கலியாணம். வந்தவர்களுக்கு ரீச்சர் நாலு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டார்கள். நான் மறுக்கவில்லை, எனக்கு மறுக்கத் தெரியாது. ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, தொண்டையைச் சரிசெய்து, வாயைத் திறந்தேன். முதல் வரிசையில் பட்டுச் சாரியோடு இருந்த மணமகளின் தாய் கையை உயர்த்திவிட்டார்.

"வழிமொழியிறன் ரீச்சர்" என்றார். "இப்ப வந்து சாப்பிடுங்கோ."