முப்பதடிச் சிலுவைப்பாதை

"வலி எங்கன வருது?"

"கெண்டைக்கால்ல சார். அம்பதடி நடந்தா உசுரு போகுது. நின்னா விட்டுருது."

மண்டபத்து டாக்டர் தங்கசாமி, வேதமுத்துவின் தொடையிடுக்கில் விரல் வைத்து நாடியைத் தேடினார். அகப்படவில்லை.

"கோளாறு கால்ல இல்லய்யா, வயித்துல. இருதயத்துல இருந்து எறங்குற பெரிய ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியுற எடத்துல அடைச்சிருக்கு. நடக்கையில காலுக்கு ரத்தம் பத்தல. பீடியை விடு. நட, வலிச்சா நில்லு, திரும்ப நட. ஒங்க ஊர்ல இருந்தே இதே கோளாறோட இன்னொருத்தரும் வாராரு."

வேதமுத்துவுக்குப் பாதிதான் காதில் ஏறியது. நாளை மறுநாள் பெரிய வெள்ளி! கடற்கரைக் குருசடியிலிருந்து கோயில் வரை சிலுவை சுமப்பது மூன்று தலைமுறையாக அவர் வீட்டு உரிமை. வழியில் நின்று ஜெபிக்கும் ஸ்தலம் பதினாலு, ஸ்தலத்துக்கு ஒரு கம்பு, கம்புக்குக் கம்பு எண்பதடி. கம்புக்கு இடையில் நின்றாலோ இறக்கி வைத்தாலோ உரிமை, அதற்கு ரொம்ப நாளாகப் போட்டி போடும் சந்தியாகுவுக்கு என்று பெஞ்சமின் சாமியார் கறாராகச் சொல்லிவிட்டார்.

வியாழன் மத்தியானம், ஊரே மீன் ஏலத்தில் இருந்தபோது, வேதமுத்து கம்புகளைப் பிடுங்கி ஐம்பதடிக்கு ஒன்றாக நட்டார்.

"கடைசிக் கம்பு கோயிலுக்கு வந்து சேராதே?" என்றாள் மனைவி மிக்கேலம்மாள்.

"இப்ப அதுவா முக்கியம்? சும்மா வா!"

வெள்ளிக்கிழமை சிலுவையைத் தூக்கினார். முப்பதடியிலேயே கம்பு வந்துவிட்டது! அடுத்ததும் முப்பதடி. வலி எட்டிப் பார்ப்பதற்குள் ஸ்தலம். சாமியாரோ என்றுமில்லாமல் ஜெபத்தை நீட்டி முழக்கினார். வேதமுத்து மாப்பிள்ளை மாதிரி நடந்தார்.

பதினாலாம் கம்பு சந்தியாகுவின் கருவாட்டுப் பந்தல் முன்னால் முடிந்தது. கோயில் எங்கோ தூரத்தில் நின்றது.

"எவன்லே கம்பை நகத்துனது?" சந்தியாகு குதித்தான்.

சாமியார் கை உயர்த்தினார். "பதினாலு ஸ்தலமும் முடிஞ்சிருச்சு. வேதமுத்து சிலுவையை எறக்கல. உரிமை அவனுக்குத்தான்!"

சனம் ஆர்ப்பரித்தது. மிக்கேலம்மாள் ஆனந்தத்தில் அழுதே விட்டாள்.

ஆனால் வேதமுத்துவுக்கு மனசு உறுத்தியது. கூட்டம் கலைந்ததும் சாமியாரிடம் போய்க் குனிந்தார்.

"சாமி, மன்னிக்கணும். கம்பை நகத்துனது நான்தான். ஆனா சத்தியமா அம்பதடிக்குத்தான் நட்டேன்!"

கட்டுமரத்தில் உட்கார்ந்து அங்கியைத் தூக்கிக் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த சாமியார் சொன்னார்:

"ஒனக்கு அம்பது போதும்லே. எனக்கு முப்பதுதான் தாங்கும்."