பிரேக் இல்லாத தலைவர்

நிருபர்களில் ஒரு வகை உண்டு. பாதி வயதில் முதலாளியாகிவிட்டு, மீதி வயது முழுக்க "நான் அடிப்படையில நிருபர்தான்" என்று சொல்லிக்கொண்டே திரியும் வகை. பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரான ஓல்ஷானிட்சாவில் அவர் பெயர் விட்டோல்ட் கெம்பா.

பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிளில் அணிக்கு இரண்டு பேராக நான்கு பேர் மண் பறக்கச் சுற்றும் பந்தயத்துக்கு ஞாயிறுதோறும் ஊரே திரண்டு போகும். மொத்தம் பதினைந்து ஓட்டங்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் யார் முதல், யார் கடைசி என்று பந்தயப் புத்தகத்தின் கட்டங்களில் பென்சிலால் குறித்துக்கொள்வோம், குறிக்காதவர் வெளியூர்க்காரர். பதினெட்டு வருடம் வளைவோரம் நின்று, வாயெல்லாம் மண்ணாகக் குறித்து, உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதியவர் கெம்பா. நடுவரே தீர்ப்புச் சொன்னாலும் "கெம்பா என்ன சொல்றாரு?" என்றுதான் ஜனங்கள் கேட்பார்கள். அந்த நம்பிக்கைதான் அவருடைய ஒரே சொத்து.

அதை நம்பித்தான் ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, கார் கொட்டகையில் ஒரே ஒரு கேமராவோடு 'பிரேக் கிடையாது' என்ற இணையச் சேனலைத் தொடங்கினார். சாசேஜ் கம்பெனி விளம்பரம் கொடுத்தது; கேமரா மூன்றானது; கொட்டகை கண்ணாடிக் கட்டடமானது; "நிருபரே" என்று கூப்பிட்ட ஊர் "தலைவரே" என்று கூப்பிட ஆரம்பித்தது. வேண்டாம் என்றா சொல்வார்? காதில் செருகிய பென்சிலை மட்டும் அவர் எடுக்கவில்லை. அது சேனலின் சின்னமாகிவிட்டது.

போன செப்டம்பரில் கடைசிப் பந்தயம். தோற்றால் எங்கள் அணி கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டியதுதான். ஊர் நகம் கடித்துக்கொண்டிருந்தது. தலைவர் மைதானத்து விருந்தினர் அறையில், வினிகரில் ஊறிய மீனைக் கடித்தபடி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறுக்கு நாற்பத்துநாலு புள்ளி என்று பிழைத்தோம். பந்தயம் முழுக்க ஓடிய சேனல் நேரலையில், முடிந்த கையோடு நேயர் அழைப்புகள். முதல் அழைப்பு, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் புரோனிஸ்வாவா அம்மாளுடையது.

"தலைவரே, பதினோராவது ஓட்டத்துல என் பென்சில் முறிஞ்சுபோச்சு. மூணாவது யாரு வந்தது? அந்த ஒரு ஓட்டம்தான் பாதியில நிக்குது."

"அருமையான கேள்விம்மா. இதை நாம கொஞ்சம் விரிவா பாக்கணும். இந்த சீசன் முழுக்க..."

"விரிவால்லாம் வேண்டாம். மூணாவது யாரு?"

"அணியோட மனநிலைன்னு எடுத்துக்கிட்டா..."

"நீங்க பாத்தீங்களா, பாக்கலையா?"

கெம்பா அவசரமாகத் தன் பந்தயப் புத்தகத்தைத் திறந்தார். கடமை தவறாத கேமராக்காரி யோலாண்டா அதை நெருக்கத்தில் காட்டினாள். கட்டங்கள் அழகாக நிரம்பியிருந்தன. பதினெட்டு வருடப் பழக்கம் விட்டுப்போகுமா? முதல் ஓட்டம்: 4,120. இரண்டாவது: 4,385. அத்தனையும் அந்தந்த நேரத்தில் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் எண்ணிக்கை.

"பரவால்ல, தலைவரே" என்றார் அம்மாள், கோபமே இல்லாமல். "பக்கத்து வீட்டு தாதேயுஷைக் கேட்டுக்கறேன்."

கெம்பாவுக்குக் காது சிவந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த நிமிடம் திரையோரத்து எண் பத்தொன்பதாயிரத்தைத் தொட்டது. சேனல் பிறந்ததிலிருந்து காணாத கூட்டம். அவமானம் ஒரு பக்கம் இருக்க, கை தன்பாட்டில் காதிலிருந்த பென்சிலை எடுத்து அதையும் குறித்துக்கொண்டது.

சிரித்துவிட்டீர்களா? இதை யாருக்கு அனுப்பலாம் என்று விரல் இதற்குள் தேட ஆரம்பித்துவிட்டதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. மேலே போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள்: அந்த அம்மாளின் பென்சில் முறிந்தது எத்தனையாவது ஓட்டத்தில்?