மச்சான் அனுப்பிய கருவியில் நான் பேசிய பேச்சு

உ

கொக்குவில் கிழக்கு
21.08.2003

அன்புள்ள மைத்துனன் விமலதாசனுக்கு உன் அத்தான் பரமலிங்கம் எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவி பிள்ளைகளும் ரொறன்ரோவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருக்கத்தான் வேண்டும், ஏனென்றால் சுகமில்லாத ஆட்களை ஏசுவது எனக்குப் பழக்கமில்லை. இங்கே உன் அக்கா செல்வநாயகி மூன்று நாளாக அடுப்படியில் இருந்து மூக்கைச் சீறுகிறாள். மகள் உதயகலா வேலைக்குப் போகிறாள், வருகிறாள், வாய் திறப்பதில்லை. எனக்குப் பிறசர் ஏறியிருக்கிறது. மற்றும்படி நாங்கள் நலம்.

நீ அனுப்பிய கருவி கிடைத்தது. கிடைத்தது என்று ஒரு சொல்லில் எழுதினால், தபாற்காரன் படலையில் மணியடித்துத் தந்துவிட்டுப் போனான் என்று நினைப்பாய். ஒரு சாமானை ஒரே ஆளிடம் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன தேய்ந்தா போகும்? கைக்குள் அடங்கும் கொம்பியூட்டர் நெல்லியடிக்கு வந்த ஒருவரின் பெட்டியில். அதன் முதுகில் செருகுகிற ரெலிபோன் கொழும்புத்துறைக்கு வந்த வேறொருவரின் பெட்டியில். காதில் வைக்கும் துண்டு இன்னும் ரொறன்ரோவை விட்டே வெளிக்கிடவில்லை. நெல்லியடிக்கு பஸ்ஸில் போனேன். அந்த வீட்டில் சாமானைத் தருவதற்கு முன்னம் கனடாவில் நடந்த அவர்களின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவைப் போட்டார்கள். பிள்ளை பல்லக்கில் வந்தாள், பிறகு குதிரையில் வந்தாள், பிறகு ஒரு பெரிய சிப்பி திறந்து அதற்குள் இருந்தும் வந்தாள். இரண்டே கால் மணித்தியாலம் பார்த்தேன். கொழும்புத்துறையில் அந்த மனிசன் கொழும்புக்குப் போய்விட்டார். அவரின் மாமியார் அந்த ரெலிபோன் துண்டைச் சவர்க்காரப் பெட்டி என்று நினைத்துக் கிணற்றடிக் கட்டில் வைத்திருந்தா. நல்ல காலம், அதற்குள் சவர்க்காரம் வைக்க இடமில்லாதபடியால் நனையவில்லை.

கருவியோடு நீ வைத்த துண்டுக் கடிதத்தையும் வாசித்தேன். உன் வேலைத்தலத்து மனேஜர் வெள்ளைக்காரி எட்டே மாதம்தான் பாவித்தவவாம், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாவாம், புதிதுபோல இருக்குதாம். நல்லது. கடைசியில் "அத்தானோடு பேச ஆசையாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். நீ அங்கே இருந்து இந்தியத் தொலைக்காட்சி நாடகம் பார்த்துப் பார்த்து ஊர்ப் பாசையை மறந்துபோனாய். எங்கள் ஊரில் மனிதர் கதைப்பார்கள். பேசுவது இரண்டு இடத்தில்தான். ஒன்று கலியாணம் பேசுவது, மற்றது ஏசுவது. நீ எதைக் கேட்டாயோ தெரியாது, இப்போது இரண்டும் ஒன்றாக நடந்து முடிந்துவிட்டது.

இந்தக் கருவி எதற்காக வந்தது என்பதை உனக்கு நினைவூட்ட விரும்புகிறேன். உதயகலாவுக்கு நெல்லியடித் தம்பிஐயாவின் மகன் கேதீஸ்வரனைப் பேசிக்கொண்டிருந்தோம். பெடியன் டென்மார்க்கில். சாதகக் குறிப்புப் பொருத்தம் எட்டுக்கு மேலே. படம் வந்தது, பிள்ளை ஒன்றும் சொல்லாமல் வாங்கித் தன் அலுமாரிக்குள் வைத்தாள், அதுவே எங்களுக்கு ஓம். நான் சந்தியில் உள்ள கொமினிகேசன் கடையில் வரிசையில் நின்று தம்பிஐயாவோடு கதைத்துக்கொண்டிருந்தேன், ஒரு குறையும் இல்லை. நீதான், "அத்தான், சம்பந்தி வீட்டாரோடை கடையிலை நிண்டு கதைச்சால் மரியாதை இல்லை, நான் ஒண்டு அனுப்பிறன், அது கொம்பியூட்டருமாம் ரெலிபோனுமாம்" என்றாய். நானும் பெருமையில் தம்பிஐயாவுக்குப் புது இலக்கத்தைக் கொடுத்து, இனிக் கொம்பியூட்டரில் இருந்து கதைப்பேன் என்று சொல்லிவைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு புத்தளத்தில் இருந்து திரும்பிவந்து யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ரெலிபோன் கடை போட்டிருக்கும் றிஸ்வியிடம் கொண்டுபோனேன். அவர் முன்னுக்குப் பார்த்தார், பின்னுக்குப் பார்த்தார், சிம் மட்டையைப் போட்டு முதுகில் செருகினார். "ஐயா, இது கொம்பியூட்டருக்குப் பூட்டின போனோ, போனுக்குப் பூட்டின கொம்பியூட்டரோ?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? "எதுக்கும் முதுகிலை தட்டிப்போடாதேங்கோ" என்று சொல்லித் தந்தார். முன்னுக்கு உள்ளதுக்கு இரண்டு சின்னப் பற்றறி, பின்னுக்கு உள்ளதுக்கு வேறு பற்றறி, அதைக் கரண்டில் போட்டு ஏற்றவேண்டும், இங்கே கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று எனக்குச் சொல்லிவிட்டா போகிறது? ஒன்று செத்தால் மற்றதும் சேர்ந்து படுக்கிறது. சின்னப் பற்றறியை மாற்றக் கொஞ்சம் சுணங்கினால் உள்ளே எழுதிவைத்த அவ்வளவையும் அழித்துவிட்டுப் புதுப்பிள்ளை மாதிரி "வருக" என்கிறது.

எழுதுவது எப்படியென்று கேள். ஒரு குச்சி. அந்தக் குச்சியால் ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும், அதுவும் அது விரும்புகிற ஆங்கிலத்தில். "ஏ" எழுத்துக்கு நடுக்கோடு போடக்கூடாதாம். கச்சேரியில், அரசாங்கக் கந்தோரில், முப்பத்திமூன்று வருசம் லிகிதராக இருந்தவன் நான், என் கையெழுத்தைப் பார்த்து அரசாங்க அதிபர்மார் மூன்றுபேர் மெச்சியிருக்கிறார்கள், இந்தச் சவர்க்காரப் பெட்டிக்கு அது விளங்கவில்லை. தம்பிஐயாவின் பெயரை எழுதப்போய் "தம்பி" மட்டும் ஏறியது, மிச்சத்தை ஏற்றமாட்டேன் என்று நின்றது. உன்னையும் வீட்டில் தம்பி என்றுதானே சொல்கிறோம், உன் பெயரையும் அப்படியே போட்டேன். மேலே உள்ள தம்பி நீ, கீழே உள்ள தம்பி அவர். நல்ல ஒழுங்குதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்குச் சுபநேரம் பார்த்துத் தம்பிஐயா, முன்னமே சொல்லிவைத்தபடி, கலியாண எழுத்துக்கு நாள் குறிக்க எடுத்தார். கருவி சில்வண்டு மாதிரிக் கத்தியது. குச்சியால் தொட்டேன். காதுத் துண்டு இல்லாமல் நாங்கள் கதைப்பது அங்கே போகும், அங்கே கதைப்பது இங்கே வராது என்பதை அப்போதுதான் கண்டேன். மனிசன் என்ன கேட்கிறார் என்று தெரியாமல், அவமரியாதை ஆகக்கூடாது என்று, இடைக்கிடை "ஓம், ஓம்" என்றேன். எத்தனை விசயத்துக்கு ஓம் சொன்னேன், எதற்குச் சொன்னேன், கடவுளுக்குத்தான் தெரியும். ஆறாவது ஓமில் பற்றறி செத்தது. மாற்றினேன், எல்லாப் பெயரும் அழிந்தது. உதயகலா பின்னேரம் நான் இலக்கங்களை எழுதிவைத்த கடதாசியைப் பார்த்துத் திரும்பவும் எழுதித் தந்தாள். அவளுக்கும் "தம்பி" வரைக்கும்தான் ஏறியது. ஆனால் இந்த முறை அவர் மேலே, நீ கீழே. அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நான் அவளைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம், உனக்கு அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப்பார்த்து, மேலே உள்ள தம்பியைத் தொட்டேன். உன் குரல் எனக்குக் கேட்காது என்பது எனக்கு அன்று ஒரு வசதியாகவே பட்டது. எடுத்துவிட்டார்கள் என்று கண்ணாடியில் விநாடி ஓடத் தொடங்கியது, நானும் தொடங்கினேன்.

"டேய் தம்பி, நான் பரமலிங்கம். கதைக்க எடுக்கேல்லை, பேச எடுத்தனான், வாயை மூடிக்கொண்டு கேள். உங்கை ஒருத்தரும் சீண்டாததைத் துடைச்சு மினுக்கி எங்கடை தலையிலை கட்டலாமெண்டு பாத்தனியோ? ஒரு வெள்ளைக்காரி எட்டு மாசம் பாவிச்சுப்போட்டு வேண்டாமெண்டு விட்டதை என்ரை வீட்டுக்கு அனுப்ப உனக்கு என்ன துணிவு? பாத்தால் புதுசு மாதிரித்தான் கிடக்கு, ஓம். உள்ளுக்கு என்ன கிடக்கு? தனிய நிண்டு ஒரு வேலை செய்யுதோ? பின்னாலை ஒண்டைக் கொழுவினால்தான் வாய் திறக்குது. நேற்றுச் சொன்னது இண்டைக்கு ஞாபகமில்லை. அரை மணித்தியாலத்திலை சூடேறிப் படுத்திடுது. என்ரை பிள்ளை இதோடை கிடந்து மாரடிக்கவேணுமோ? எனக்கு உது வேண்டாம், வந்த வழியாலேயே திருப்பி அனுப்பிறன், நீயே வைச்சுக் கும்பிடு!"

இது சுருக்கம். பதினொரு நிமிசம் பேசினேன். நடுவில் உன் அக்கா வந்து கையைப் பிடித்தாள், கையை உதறிவிட்டுப் பேசினேன். முடிந்ததும் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன், நெஞ்சு இலேசாக இருந்தது.

மறுநாள் காலை ஓட்டோவில் ஒரு ஆள் வந்து கடித உறை ஒன்றைத் தந்துவிட்டுப் போனான். உள்ளே உதயகலாவின் குறிப்பு. குறிப்புத் திரும்பி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று கனடாவிலும் உனக்கு மறந்திருக்காது. கூடவே தம்பிஐயாவின் கையெழுத்தில் இரண்டு வரி: "தாங்கள் நேற்று ரெலிபோனில் பேசியவை அனைத்தையும் கேட்டேன். குறிப்பைத் திருப்பி அனுப்புகிறேன்."

விமலதாசா, நான் ஒரு சம்பந்தியை, எழுபது வயசுப் பெரிய மனிசரை, "டேய் தம்பி" என்று கூப்பிட்டு, அவரின் பிள்ளையைப் பற்றி அவ்வளவும் சொல்லியிருக்கிறேன். அன்று முழுக்க இருந்து நான் பேசியதை ஒவ்வொரு சொல்லாக நினைத்துப் பார்த்தேன், ஒரு இடத்திலாவது கொம்பியூட்டர் என்றேனா, ரெலிபோன் என்றேனா என்று. இல்லை. ஒரு இடத்திலும் இல்லை. கோபத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் சொல்ல மறந்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான்.

பிள்ளைக்கு இருபத்தொன்பது வயசு. இதற்கு முந்தி மூன்று இடம் பேசிக் குழம்பியது, ஒன்றுக்கும் அவள் முகம் மாறவில்லை. இந்த முறை அலுமாரிக்குள் இருந்த படத்தை எடுத்து மேசையில் குப்புற வைத்திருக்கிறாள். எனக்கு அவளை நேரே பார்க்க வெட்கமாக இருக்கிறது. உன்மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என்மேல் உள்ளது, ஆனால் எழுதுவதற்கு உன் விலாசம்தானே என்னிடம் இருக்கிறது. ஆகவே முழுவதையும் நீயே வைத்துக்கொள். இந்தக் கடிதம் கண்டவுடன் நீ தம்பிஐயாவுக்கு எடுத்து, பாவித்தது உன் கொம்பியூட்டர், அவரின் மகன் அல்ல என்று தெளிவாகச் சொல்லவேண்டும். மேற்படி கருவியை அடுத்து யார் வருகிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுகிறேன், மூன்று துண்டாக, மூன்று ஊருக்கு. நீயும் பஸ்ஸில் அலைந்து எடு.

இவ்வளவு பேசினாலும் நீ செல்வநாயகி தூக்கி வளர்த்த தம்பி. நல்லூரான் உன்னையும் உன் மனைவியையும் பிள்ளைகளையும் நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நான் கேட்டதாக எழுதவில்லை.

இப்படிக்கு,
உன்னால் மானம் போன அத்தான்,
சி. பரமலிங்கம்

பி.கு. (24.08.2003): முந்தநாள் கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டு நிற்க, தம்பிஐயா தானே படலையைத் திறந்துகொண்டு வந்தார். நான் எழும்பி மன்னிப்புக் கேட்க வாயெடுக்க முந்தி அவர் கதிரையில் இருந்து முகத்தைத் துடைத்தார். "பரமலிங்கத்தார், நீங்கள் பேசினதிலை ஒரு சொல்லுக்கும் என்னட்டை மறுப்பில்லை. அவன் அங்கை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கலியாணம் எழுதினவன்தான், அவள் விட்டிட்டுப் போயிட்டாள். பெண் வீட்டாருக்குச் சொல்லுங்கோ எண்டு அவன் எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவன், எனக்குத்தான் வாய் வரேல்லை. அந்த வெக்கத்திலைதான் குறிப்பை அனுப்பினனான். ஆனா எட்டு மாசமெண்ட கணக்கு உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்றார். நான் கச்சேரியில் பழகிய முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாம் விசாரிச்சுத்தான் பேசினனான்" என்றேன். ஆகையால் தம்பி, மேலே எழுதியது முழுவதையும் தம்பிஐயாவுக்கு எழுதியதாக எடுத்துக்கொள். திரும்பவும் எழுதக் கை உளைகிறது.

அவர் கதைத்த அவ்வளவையும் உதயகலா உள்ளே நின்று கேட்டிருக்கிறாள். நேற்றுக் காதுத் துண்டு பக்கத்துத் திருநெல்வேலிக்கு வந்த ஒருவரிடம் வந்து சேர்ந்தது. இன்று காலை கருவி கத்தியது, டென்மார்க். நான் கையை நீட்ட முந்தி அவள் எடுத்துவிட்டாள். துண்டு ஒன்றுதான், அது அவளின் காதில், நாங்கள் இரண்டுபேரும் அவளின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "ஓம்... ஓம்... உங்கடை அப்பா சொல்லாட்டில் நீங்கள் எழுதியிருக்கலாமெல்லே?" என்றாள். பிறகு நெடுநேரம் கேட்டாள். பிறகு சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்துக் கனநாள். வைத்ததும் உன் அக்கா, "என்னவாம் பிள்ளை?" என்றாள். "அப்பா பேசினது முழுக்கச் சரியாம். பாவிச்சதுதானாம், எட்டு மாசம்தானாம். ஆனா திருப்பி அனுப்பவேண்டாமாம்" என்றாள்.

நாள் குறிப்பதைப் பற்றி நான் தம்பிஐயாவுக்கு எடுக்கிறேன், கொண்டா என்று கையை நீட்டினேன். அவள் கருவியைத் தரவில்லை.

"இனி நான் கதைக்கிறன் அப்பா, நீங்கள் பேசினது போதும்."