ஏழு வாசலும் ஐம்பத்தாறு தட்டும்

ஒரு காட்டில் மழைக்கு ஒழுகாத பொந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்றபடி அந்தக் காட்டில் எல்லா வசதியும் உண்டு. ராஜாவாக ஒரு சிங்கம், சிங்கத்துக்கு ஓர் அலுவலகம், அலுவலக வாசலில் ஒரு புகார்ப்பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவி தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது என்று யாரோ எழுதிப் போட்ட புகாரும் அந்தப் பெட்டிக்குள்தான் கிடந்தது.

பொந்து ஆற்றங்கரை வேங்கை மரத்தில் இருந்தது. அதில் குடியிருந்த ஆந்தை, மகனோடு இருக்கப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விட்டதால் காலியானது. கேட்டு வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மரநாய் மார்த்தாண்டன். அவருக்கு ஏற்கெனவே இரண்டு பொந்து இருந்தது. காப்பிப் பழம் பதுக்கி வைக்க மூன்றாவது தேவைப்பட்டது. இன்னொரு தரப்பு இருவாச்சித் தம்பதி, பொன்னுரங்கமும் வேதவல்லியும்.

இருவாச்சி வீட்டு வழக்கம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு மட்டும் விடும். குஞ்சு வளரும்வரை மூன்று மாதம் உள்ளேயே இருக்கும். ஆண் பறவை பழம் பொறுக்கி வந்து அந்தப் பிளவு வழியாக ஊட்ட வேண்டும். நம் வீடுகளில் இந்த ஏற்பாடு ஏன் வரவில்லை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

போன வருஷம் படிவம் வாங்கிக்கொண்டு பொந்து கொடுத்தார்கள். பதினாறாவது கட்டத்தில் பொன்னுரங்கம் நீல மையால் எழுதிவிட்டார். அவர்கள் கேட்டது கறுப்பு மை. படிவம் திரும்பி வந்தது. திருத்தி எழுதுவதற்குள் பொந்து அந்த ஆந்தைக்குப் போனது, மழையும் வந்தது. கிளைக் கவட்டில் இட்ட முட்டை இரண்டும் அந்த மழையோடு கீழே போயின. வேதவல்லி அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசியதே இல்லை. ஒரு சிரட்டை நிறையக் கறுப்பு மை மட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

இந்த வருஷம் படிவத்தையே ஒழித்துவிட்டார்கள்.

ஒழித்தவர் சிங்கத்தின் மைத்துனர். மூன்று வருஷம் பட்டணத்து மிருகக்காட்சிசாலையில் இருந்துவிட்டு வந்தவர். கம்பிக்கு வெளியே நின்ற ஜனங்கள் கையில் என்ன வைத்து நோண்டிக்கொண்டிருந்தார்களோ, அதில் ஒன்றைப் பெரிதாக வாங்கி வந்து அலுவலகத்தில் நட்டுவிட்டார். இனிமேல் காகிதம் கிடையாது, அந்தத் திரையில் ஓர் ஆட்டத்தை ஆடி முடிக்கிற திறமை உள்ளவருக்கே பொந்து என்று அறிவிப்பு வந்தது. அக்காள் வீட்டுக்காரர் ராஜாவாக இருப்பது எந்தத் திறமையில் சேர்த்தி என்று அறிவிப்பில் இல்லை.

ஆட்டத்தின் பெயர் ‘ஏழு வாசல்’. திரையில் ஒரு வீரன் நிற்பான். கையில் ஒரு வாள், ஒரு தட்டுச் சோறு. நாம் பொத்தானை அழுத்தி அவனை நடத்த வேண்டும். என்ன செய்யலாம் என்று ஒவ்வொரு வாசலிலும் வரிவரியாக எழுத்து வரும், நாம் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழாவது வாசலில் பொந்தின் சாவி.

விதிகளைச் சொல்லக் குமாஸ்தா தணிகாசலம் இருந்தார். அவர் உடும்பு, அதனால் நாற்காலியைப் பிடித்தால் விடமாட்டார். எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகை உண்டு, எதில் முடித்தாலும் அதே பொந்துதான் என்றார். வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு மாற்ற முடியாது. ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு, அதுவும் குடும்பத் தலைவர் பெயரில். வீரன் செத்தால் மறுபடி முதல் வாசல், மறுபடி ஒரு தட்டுச் சோறு. ஆனால் முன்பு யாருக்கு என்ன செய்தோம் என்பதை ஆட்டம் மறக்காது. இந்தக் கடைசி விதியை மட்டும் கொட்டாவிக்கு நடுவில் சொன்னதால் யாரும் காதில் வாங்கவில்லை. வாசலில் ஒரு பலகை. ஆடுகிறவர் பெயரும் அவர் எடுத்த வகையும் அதில் ஊருக்கே தெரிகிற மாதிரி எழுதப்படும்.

மழைக்குப் பத்து நாள் இருந்தது.

“எளிதுன்னே போடுங்க. பொந்து ஒண்ணுதானே” என்று சொல்லிவிட்டு, வாசல் பூச மண் எடுக்க வேதவல்லி ஆற்றுக்குப் போனாள். அலகு நிறைய மண்ணோடு திரும்பியபோது பலகையில் ‘பொன்னுரங்கம் – கடினம்’ என்று இருந்தது. மேலே ‘மார்த்தாண்டன் – கடினம்’.

“அந்த மரநாய் பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு, வல்லி” என்றார் பொன்னுரங்கம்.

அவளால் பதில் பேச முடியவில்லை, வாயில் மண் இருந்தது. மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி ஆற்றுக்கே போனவள் சாயங்காலம்தான் திரும்பினாள். அது எந்த வகைப் போக்கு என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

முதல் வாசலில் ஒட்டிய வயிறோடு ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. பசிக்கிறது என்றது. ‘சோற்றைக் கொடு’, ‘வாளை வீசு’ என்று இரண்டு வரி தெரிந்தது. பொன்னுரங்கம் காட்டுப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். வாரம் ஒரு நீதிக்கதை மனப்பாடம். அந்தப் பாடங்களில் கொடுத்தவன் கெட்டதாக ஒரு கதைகூடக் கிடையாது. பிச்சைக்காரன் தேவனாக மாறுவான், தங்க இறகு தருவான், குறைந்தபட்சம் ஒரு வரமாவது தருவான். எனவே அவர் சோற்றைக் கொடுத்தார். கீரி தின்றுவிட்டு ஏப்பம் விட்டது. வெறும் வயிற்றோடு வீரன் தள்ளாடித் தள்ளாடி மூன்றாம் வாசலுக்குப் போனான். அங்கே அதே கீரி, தின்ற தெம்பில், கையில் உலக்கையோடு நின்றது.

ஒரே அடி.

இன்னும் மனதாரக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று பொன்னுரங்கத்துக்குச் சந்தேகம். மறுபடி கொடுத்தார். ஆட்டம்தான் எதையும் மறக்காதே, இரண்டாவது சோறு முதல் சோற்றின் மேல் போய் உட்கார்ந்தது. கீரி நாய் அளவுக்கு வந்தது. தினமும் எட்டு முறை செத்தார். ஏழாவது நாள் மூன்றாம் வாசலில் நின்ற கீரியின் தலை திரைக்குள் அடங்கவில்லை, முழங்கால் மட்டும் தெரிந்தது. தெய்வம் இப்படித்தான் சோதிக்கும் என்று அவர் விளக்கம் சொன்னார்.

மார்த்தாண்டன் வேறு மாதிரி. நீதிக்கதை வகுப்பில் ஜன்னல் வழியாக இறங்கிப் போனவர். முதல் வாசலிலேயே கீரியை வெட்டினார். இரண்டாம் வாசலில் செத்த கீரியின் அண்ணனும் மச்சானும் நின்றார்கள். அடுத்த முறை அவர்களையும் வெட்டினார். அதற்கடுத்த முறை பெரியப்பா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா, சகலையின் தம்பி. ஏழாவது நாள் அந்த இரண்டாம் வாசல் முகூர்த்த நாள் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது, கையில் பூச்செண்டுக்குப் பதில் உலக்கை. மார்த்தாண்டன் பொத்தானை உடைத்துவிட்டு, ஆட்டம் சரியில்லை என்று வீட்டுக்குப் போய்விட்டார். பொத்தானை மாற்ற அரை நாள் ஆனது. காட்டில் இருந்த அசல் கீரிகள் தங்கள் இனத்தைக் கேவலப்படுத்துவதாக மனு எழுதி வந்தன. மனு முறை ஒழிந்துவிட்டது என்று தணிகாசலம் திருப்பி அனுப்பினார்.

இத்தனை நாளும் வேதவல்லி கணவனுக்குப் பின்னால்தான் நின்றாள். எல்லோரும் உலக்கையைப் பார்த்தபோது அவள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரி தின்று முடிக்கிற ஒவ்வொரு முறையும் முதல் வாசல் ஓரத்தில் ஓர் எச்சில் தட்டு சேர்ந்தது. எடுப்பார் இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இப்போது வாசற்படி உயரத்துக்கு நின்றது.

“அந்தத் தட்டையெல்லாம் யாருங்க கழுவுறது?” என்று கேட்டாள்.

“அது சும்மா அழகுக்கு வரைஞ்சு வச்சது, வல்லி. நீ விஷயத்தைப் பாரு.”

எச்சில் தட்டை அழகுக்கு வரைகிறவர்கள் உலகத்தில் உண்டா என்று அவள் கேட்கவில்லை.

எட்டாவது நாள் மேற்கே மேகம் கறுத்தது. வேதவல்லிக்கு அடிவயிறு கனத்தது. பொன்னுரங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் ஒரே ஒரு தடவை நல்லவனாக இருந்து பார்த்துவிடுகிறேன் என்றார்.

“நகருங்க” என்றாள்.

முதல் வாசல். கீரி பசிக்கிறது என்றது. இரண்டு வரியும் வந்தன. பொன்னுரங்கத்தின் அலகு இந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பொத்தானில் இறங்கும். அவள் இறக்கவில்லை. எழுத்து முழுக்க வரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு பட்டியலைக் கீழே இழுத்தாள். வீட்டில் எண்ணெய் டின்னைத் தேடுகிற ஆண் முன்னால் இருக்கிற டப்பாவை நகர்த்திப் பார்க்கமாட்டான் அல்லவா, அதேதான். கீழே மூன்றாவது வரி ஒன்று இருந்தது.

‘தின்ற தட்டைக் கழுவச் சொல்.’

அழுத்தினாள். திரையில் கீரியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஐம்பத்தாறு வேளை உட்கார்ந்து தின்ற முகத்தில் இப்படி ஒரு பேச்சு விழும் என்று அது எதிர்பார்த்திருக்கவில்லை. இடதும் வலதும் பார்த்தது. தலை வலிக்கிறது என்றது. அப்புறம் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முதல் தட்டைத் தேய்க்கத் தொடங்கியது. ஐம்பத்தாறும் முடியும்வரை அது எழுந்திருக்க முடியாது. வேதவல்லியின் வீரன் தன் சோற்றைத் தானே சாப்பிட்டுவிட்டு, மூன்றாம் வாசலைத் தாண்டினான். அங்கே ஒருவரும் இல்லை. உலக்கை மட்டும் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நான்காம் வாசலில் ஒரு பூதம் இடக்காகக் கேள்வி கேட்டது. பதிலே சொல்லாமல் நின்றால் கேட்டவர்களுக்கே அலுத்துப்போகும் என்பது மாமியார் வீட்டில் அவள் கற்றது. பூதத்துக்கு அலுத்தது. ஐந்திலும் ஆறிலும் என்ன நடந்தது என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. தாண்டினாள்.

ஒன்பதாவது நாள் காலையில் ஏழாம் வாசல். அதற்குள் காடு முழுக்கச் செய்தி பரவிக் கூட்டம் கூடிவிட்டது. திரையில் ஒரு சின்ன கிராமம். கூரைகளில் புகை. மேலே அணை உடையப் போகிறது. ‘அணையைத் தாங்கி நில், கிராமம் பிழைக்கும், நீ என்றும் இங்கேயே நிற்பாய்’ என்பது முதல் வரி. ‘சாவியை எடுத்துக்கொண்டு போ’ என்பது இரண்டாவது. வேதவல்லி கீழே இழுத்துப் பார்த்தாள். இரண்டு தரம் பார்த்தாள். இந்த முறை மூன்றாவது வரி இல்லை.

கிராமத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கூட்டம் ஒரே குரலாகச் சொன்னது. அவர்கள் யாருக்கும் பொந்து தேவையில்லை. பொன்னுரங்கம் மட்டும் மெதுவாக, “பாவம், வல்லி” என்றார்.

அவள் அந்தப் புகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பொத்தானின் மேல் அலகு நின்றது.

“நாளைக்கு சுவிட்சைப் போட்டா இவங்க எல்லாரும் திரும்ப இருப்பாங்க. போன வருஷத்து முட்டை திரும்ப இருக்குமா?”

சாவியை எடுத்தாள். வெள்ளம் வந்தது. தணிகாசலம், நாற்காலியைக் கூடவே இழுத்துக்கொண்டு போய், திரையில் வந்ததை எழுத்து மாறாமல் பலகையில் எழுதினார்.

‘பொன்னுரங்கம் – கடினம் – வெற்றி – கொடியவன்.’

பொன்னுரங்கத்துக்கு முதல் மூன்று வார்த்தையில் நெஞ்சு நிமிர்ந்தது, கடைசி வார்த்தையில் வாடியது. ஐம்பத்தாறு முறை சோறு போட்டவனுக்கு இந்தப் பட்டமா, திருத்துங்கள் சார் என்று கெஞ்சினார். திருத்தத்துக்குத் தனிப் படிவம் உண்டு, ஆனால் படிவத்தை ஒழித்துவிட்டார்கள் என்றார் தணிகாசலம்.

அன்று சாயங்காலமே வேதவல்லி பொந்துக்குள் போய் உள்பக்கமிருந்து பூசிக்கொண்டாள். பத்தாவது நாள் மழை கொட்டியது. ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. முட்டை இரண்டு.

இனிப் பழம். காட்டில் அத்திமரம் ஒன்றுதான், அங்கே எப்போதும் வரிசை. பொன்னுரங்கம் நல்லவராக இருந்த காலத்தில் அந்த வரிசையில் அவருக்கு என்ன மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தையோடு வந்த மந்தி முன்னால் போகும், அவசரம் என்று சொன்ன மைனா போகும், எதுவும் சொல்லாத காக்காயும் போகும். கடைசியில் அவருக்குக் காம்பு கிடைக்கும். அந்தக் கணக்கில் போனால் உள்ளே இருப்பவள் கதி என்ன என்று நினைத்துக்கொண்டே பறந்தார். போய் வழக்கம்போல வால்பக்கம் நின்றார்.

முன்னால் நின்ற காக்காய் திரும்பிப் பார்த்து விலகியது. மைனா விலகியது. ஒரு கிராமத்தையே கண் இமைக்காமல் மூழ்கடித்தவர் வந்திருக்கிறார் என்று முணுமுணுப்பு போனது. வரிசை இரண்டாகப் பிளந்து வழி விட்டது. மார்த்தாண்டன் மேல்கிளையில் இருந்த நல்ல குலையைத் தானே பறித்துக் கொடுத்து, சார் சௌக்கியமா என்று விசாரித்தார்.

பழத்தோடு வேங்கை மரத்துக்கு வந்த பொன்னுரங்கம் பிளவில் வாய் வைத்து ரகசியமாகப் பேசினார். எல்லோரும் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நாளைக்கு வரிசையில் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார்.

உள்ளே பழம் மெல்லுகிற சத்தம் நின்றது.

“மூணு மாசம் கழிச்சுச் சொல்லிக்கலாம்” என்றாள் வேதவல்லி.

பிறகு பிளவு வழியாக, பழம் தின்ற சிரட்டை வெளியே வந்தது. போன வருஷம் கறுப்பு மை வாங்கி வைத்த அதே சிரட்டை.

“கழுவிட்டுக் கொண்டாங்க.”

நீதி: நல்லவருக்கு வரிசையில் எப்போதும் கடைசி இடம்தான், ஆகவே கெட்ட பெயர் வாங்க நேர்ந்தால் தயங்காமல் வாங்குக, ஆனால் குடும்பத் தலைவர் பெயரில் வாங்குக.